படிவத்தில் நான் எழுதாமல் விட்ட பெயர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளில் பாதிக்கு மேல் பொலிஸ் பதிவுப் படிவங்கள் என் கையெழுத்தில்தான் இருந்தன. யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. தமிழ் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டும். ஒரு பிரதியில் முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைப் பொலித்தீன் உறைக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவோம். சுற்றிவளைப்பு வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பெயர் இருந்தால் அந்த ஆள் வீட்டில் நிற்கலாம். இல்லாவிட்டால் வாகனத்தில் ஏற வேண்டும்.

நான் ஓ.எல். வரைதான் படித்தவன். புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையின் ஸ்டோரில் லேபல் எழுதி எழுதி, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எனக்கு அச்சு மாதிரி வரும். அதனால் ஒழுங்கைச் சனம் அடையாள அட்டைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்த்துக் கதைக்கத் தெரியாத எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு எழுதத் தொடங்கினால் ஒருவருடனும் கதைக்கத் தேவையில்லை. ஓர் இலக்கமும் பிழைத்ததில்லை. “அவர் எழுதின போம் எண்டா ஆமிக்காரன் ரெண்டாந்தரம் பாக்கமாட்டான்” என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னை வைத்துக்கொண்டே சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

அந்தக் கையால்தான் என் வீட்டுப் படிவத்தில் ஒரு பெயரை விட்டேன். அது மறதி என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். அது மறதி இல்லை.

எங்கள் வீட்டில் நான், மனைவி, ஒரே மகள். முன் அறையைப் பிளைவுட் பலகையால் மறித்து வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் வவுனியாப் பக்கத்துப் பொடியன் ஒருவர் இருந்தார். இருபத்திநாலு வயது. வெள்ளவத்தையில், ஆட்கள் வந்து டெலிபோன் எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. வந்த புதிதில் எங்களுக்கு நல்ல உதவி. பியூஸ் போனால் போட்டுத் தருவார். பாண் வாங்கப் போனால் எங்களுக்கும் சேர்த்து வாங்கி வருவார். என்னை அங்கிள் என்றும் மனைவியை அன்ரி என்றும் கூப்பிடுவார்.

மகள் அப்போது பதினாறு முடிந்தவள். ஏ.எல். வர்த்தகப் பிரிவுக்கு வெள்ளவத்தையில் டியூஷன் போனாள். வழியில் மூன்று இடத்தில் செக்கிங். பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். தனியாக அனுப்ப எனக்குப் பயம். “தனியப் போகாத பிள்ளை, அவரோட ஒரே பஸ்ஸில போ” என்று சொன்னது நான்தான். இதை வேறு யாரும் எனக்கு எதிராகச் சொன்னதில்லை. நானாகவே சொல்லிக்கொள்கிறேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். மகள் நீளக் கை சட்டை போடத் தொடங்கினாள். போனைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். அது அடித்தால் சோற்றுக் கையோடு எழும்பி ஓடினாள். டியூஷன் அரை மணித்தியாலம் முந்தி முடிந்தாலும், அந்த அரை மணித்தியாலம் எங்கே நின்றாள் என்று அவர் கேட்பதை ஒரு நாள் ஒழுங்கை முனையில் கேட்டேன். தகப்பன் நான் அப்படிக் கேட்டதில்லை. அவருக்கு அவள்மேல் உள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் பின்னேரம் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பின்பக்கம் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. பிறகு ஒரு சத்தம். கன்னத்தில் கை விழுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழும்பினேன். கதவடியில் போய் நின்றேன். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு முறை இருமினேன். உள்ளே அமைதியாகிவிட்டது. மகள் வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள்.

மனைவிக்கு அதை நான் சொல்லவில்லை. அவளாகவே இரண்டு கிழமை கழித்துக் கண்டுபிடித்தாள். தலை பின்னும்போது காதுக்குப் பின்னால் புதிதாக விரல் அடையாளம் இருந்திருக்கிறது.

“என்னடி இது?”

“கதவில இடிபட்டதம்மா.”

“கதவுக்கு அஞ்சு விரலோ?”

மகள் சீப்பைப் பறித்து எறிந்தாள். பிறகு தாயின் மடியில் விழுந்து அழுதாள். விட்டுவிட்டுப் போனால் நஞ்சு குடித்து, அவளுடைய பெயரைக் கடிதத்தில் எழுதி வைப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவளையும் கொன்றுபோட்டுத்தான் குடிப்பேன் என்று ஒரு முறை வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் பாதையில் வைத்துக் கையை முறுக்கியிருக்கிறார். அவ்வளவையும் சொல்லிவிட்டு, “அவர் பாவம் அம்மா, அவருக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை, ஒண்டும் செய்துபோடாதேங்கோ” என்றாளாம்.

மனைவி என்னைவிடத் துணிந்தவள். அடுத்த நாளே வெள்ளவத்தையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மகளுக்குச் சொல்லவில்லை. சட்டத்தரணி தன் வீட்டு முன் அறையில் வைத்துத்தான் ஆட்களைச் சந்திப்பார். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். நான் கதிரை நுனியில் இருந்தேன்.

“பிள்ளைக்கு எத்தனை வயசு?”

“பதினாறு முடிஞ்சு ஏழு மாதம், மிஸ்.”

“அப்ப பதினெட்டு மட்டும் நீங்கள்தான் பாதுகாவலர். கலியாணமும் பதிய ஏலாது. அந்தப் பயம் வேண்டாம்.” சட்டத்தரணி ஒரு தாளை எடுத்துக்கொண்டார். “வீட்டு வன்முறைக்கு எண்டு இப்ப புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. நீதவான் நேரடியாப் பாதுகாப்புக் கட்டளை குடுப்பார். ஆனா அது கட்டினவைக்கு, ஒண்டாச் சீவிக்கிறவைக்கு, சொந்தக்காரருக்கு. காதலிக்கிற பிள்ளையள் அதுக்குள்ள வரமாட்டினம். உங்கட வீட்டில வாடகைக்கு இருந்தாலும் வராது.”

“அப்ப ஒண்டும் செய்ய ஏலாதோ?”

“ஆர் சொன்னது? அடிச்சது ஒரு குற்றம். கொல்லுவன் எண்டு சொன்னது இன்னொரு குற்றம். பொலிசில சிறுவர் மகளிர் பிரிவு இருக்கு. அங்க போய் முறைப்பாடு எண்டு ஒரு என்ட்ரி போடுங்கோ. கூப்பிட்டு விசாரிப்பினம். தேவை எண்டா நீதவானிட்டக் கொண்டுபோய், பிள்ளைக்குக் கிட்ட வரமாட்டன் எண்டு பிணை எழுதி வாங்கலாம். மற்றப் பக்கத்தால அறையை விடச் சொல்லி எழுத்தில நோட்டீஸ் குடுங்கோ. பிள்ளையையும் டொக்டரிட்டக் காட்டி ஒரு துண்டு எடுத்து வையுங்கோ.”

“பிள்ளையின்ர பேர் பேப்பரில வருமோ?”

“வராது.”

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். “மிஸ், அவர் வவுனியாப் பொடியன். பொலிசில பேர் குடுத்தா வேற மாதிரிப் பாப்பினமே. தமிழனைத் தமிழன் காட்டிக் குடுத்தமாதிரி…”

சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்கள் சொல்லப்போறது அடிச்சான் எண்டது. அதை மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதேங்கோ. வேற ஒண்டுக்கு ஆரும் இழுத்தா எனக்குப் போன் பண்ணுங்கோ, நான் வாறன். அவனுக்கும் நியாயம் வேணும், உங்கட பிள்ளைக்கும் வேணும். ரெண்டும் ஒரே என்ட்ரியில நடக்கும்.”

இவ்வளவு தெளிவாக ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

அந்தக் கிழமை புதிய படிவங்கள் கொடுக்கச் சொல்லி அறிவித்திருந்தார்கள். ஒழுங்கை வீடுகளின் படிவங்கள் எல்லாவற்றையும் நான்தான் கொண்டுபோவேன். மனைவிக்குக் காய்ச்சல். “முதல்ல சிறுவர் மகளிர் மேசைக்குப் போய்ப் பிள்ளையின்ர கதையைச் சொல்லுங்கோ. பிறகு போமுகளைக் குடுங்கோ” என்று சொல்லி அனுப்பினாள்.

பொலிஸ் நிலையத்தின் இடது பக்கத்தில் சிறுவர் மகளிர் பிரிவு. ஒரு மேசை, அதற்குப் பின்னால் ஒரு பெண் பொலிஸ். முன்னால் ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. வாங்கில் ஏழெட்டுப் பேர். எங்கள் ஒழுங்கைக் கடைக்காரரின் மனைவியும் ஏதோ விஷயமாக வந்திருந்தார். “என்ன, இந்தப் பக்கம்?” என்று கேட்டார். போம் குடுக்க என்றேன். “அது அங்கால கவுண்டரில” என்று கையைக் காட்டினார்.

மேசையில் சொல்வதெல்லாம் வாங்குக்குக் கேட்டது. ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பொலிஸ் எழுதுவதை நிறுத்தி, “ஹயியென் கியன்ன அம்மே” என்றார். சத்தமாகச் சொல்லட்டாம். அந்தத் தாய் சத்தமாகச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் எனக்குள் சிங்களத்தில் வசனம் கோத்துப் பார்த்தேன். என் மகள். என் வீட்டில் இருக்கும் ஒருவர். கன்னத்தில் என்பதற்குச் சிங்களச் சொல் வரவில்லை. என் முறை வந்தது. பெண் பொலிஸ் நிமிர்ந்து, “மொகத மாத்தயா?” என்ன விஷயம் ஐயா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் கையிலிருந்த படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினேன். அவரும் கவுண்டர் பக்கம் கையைக் காட்டினார்.

கவுண்டருக்கு நேரே போகவில்லை. முற்றத்தில் மரத்தடியில் ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. அதில் இருந்தேன். ஆட்கள் எழுத்துப் பிழைத்தால் மாற்றி எழுதுவதற்கு என்னிடம் எப்போதும் வெற்றுப் படிவங்கள் இருக்கும். ஒன்றை எடுத்தேன். என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர். அடையாள அட்டை இலக்கங்கள். நாலாவது வரியில் ஒரு கோடு இழுத்தேன். அவர் பெயரோடு வீட்டில் எழுதிக்கொண்டு வந்த படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று முழுதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு செக்கிங் வந்தால் பயந்து அவராகவே வேறு இடம் தேடுவார் என்று நினைத்தேன். அதற்குமேல் என்ன நடக்கும் என்பதை நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். யாரோடும் கதைக்காமல், யாரையும் குற்றம் சொல்லாமல், ஒரு கோட்டால் விஷயம் முடிகிறது என்பதில் எனக்கு ஆறுதல் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி போர்வைக்குள் இருந்து கேட்டாள். “சொன்னீங்களோ?”

“சொன்னன்.”

“என்ன சொன்னவை?”

“கூப்பிட்டு விசாரிப்பினமாம்.”

கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய படிவத்தை அவள் அடுத்த நாள் பார்த்துவிட்டு, ஏன் அவருடைய பெயர் இல்லை என்று கேட்டாள். முறைப்பாடு இருக்கிற ஆளின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று பொலிசில் சொன்னதாகச் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் தடுமாறுகிறவன் என்று என்னை எல்லோரும் நினைப்பார்கள். அன்று தடுமாறவில்லை. எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க உறையைத் திருப்பித் தொங்கவிட்டேன். அதை எடுத்துப் படிக்கிற பழக்கம் அந்தப் பொடியனுக்கு இல்லை. நான் எழுதினால் அவரும் நம்புவார்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணிபோல, ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்தார்கள். நாங்கள் அடையாள அட்டைகளோடு வாசலில் நின்றோம். ஓர் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும். அதிகாரி படிவத்தையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று சரி. நாலாவது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “மெயா கவுத?” இவர் யார் என்று கேட்டார்.

“அங்கிள், என்ர பேர் இருக்குத்தானே?” என்றார் அந்தப் பொடியன். பல்லுத்தீட்டிக்கொண்டு நின்றவர். வாய் ஓரத்தில் நுரை. பிறகு அதிகாரியிடம், “மெயாதான் எழுதினவர் சேர், அங்கிள் வரத்தன்னே நே” என்று தமிழையும் சிங்களத்தையும் கலந்து சொன்னார். இவர்தான் எழுதினவர், அங்கிள் பிழை விடமாட்டார் என்று.

அதிகாரி என்னைப் பார்த்தார். என் பிழை சேர், போர்டிங் பொடியன்தான், பழைய படிவத்தில் இருக்கிறது, இந்தா கொண்டுவருகிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. முந்தின முறை முத்திரை குத்தித் தந்த பழைய படிவம் அலமாரியில் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததற்குக் காரணம் வேறு. முறைப்பாட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். மகள் மட்டும்தான் கத்தினாள். “அப்பா, சொல்லுங்கோவன்! அப்பா!”

வாகனத்தில் ஏறும்போது அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்லை அங்கிள், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் மனைவி அடுப்படியில் மெதுவாக, “பாத்தீங்களோ, நாங்கள் வீணாப் பயந்தம். சட்டம் எண்டா சட்டம்தான்” என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கடைக்குப் போய் லேபல் எழுதினேன். மகள் சாப்பிடாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் வவுனியாவிலிருந்து அவருடைய தாய் வந்தார். ஒரு ரெக்சின் பையும், மகனின் பிறப்புச் சான்றிதழும். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிலத்தில் இருந்தார். எவ்வளவு சொல்லியும் கதிரையில் இருக்கவில்லை.

“தம்பி, வீட்டுக்காரர் ஒரு கடிதம் தந்தா விடுவினமாம். இவர் இஞ்சதான் இருந்தவர், பேர் விடுபட்டது எண்டு. நீங்கள் வேணுமெண்டு செய்திருக்கமாட்டீங்கள், எனக்குத் தெரியும். பிள்ளை போனில உங்களைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை.”

மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். “கடிதம் குடுக்கிறதுக்கு முந்தி அந்த மிஸ்ஸோட கதைப்பம். என்ட்ரி நம்பரைத் தாங்கோ, அவ பொலிசில பாத்துச் சொல்லட்டும், எதுக்குப் பிடிச்சவை எண்டு.”

என்ட்ரி நம்பர் என்னிடம் இல்லை. அப்போதுதான் சொன்னேன். மேசையில் சொல்லாததை, மரத்தடியில் எழுதியதை, எல்லாவற்றையும். மனைவி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். முன் அறையில் இருந்த தாய்க்குக் கேட்காமல், “ஒரு பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லி அனுப்ப, இன்னொரு பிள்ளையைக் குடுத்துப்போட்டு வந்திருக்கிறீங்கள்” என்றாள். பிறகு, “மகளுக்குச் சொல்லாதேங்கோ. மறந்துபோனீங்கள் எண்டே இருக்கட்டும்” என்றாள்.

சட்டத்தரணியிடம் போனோம். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “இண்டைக்கே போய் இவர் உங்கட வீட்டில பதிஞ்சு இருந்தவர் எண்டு கடிதம் குடுங்கோ. பழைய போமையும் கொண்டுபோங்கோ. அதோட மற்ற முறைப்பாட்டையும் குடுங்கோ. அடிச்சது அடிச்சதுதான். ஒண்டுக்காக மற்றதை விடாதேங்கோ” என்றார்.

கடிதத்தைக் கொடுத்தேன். “மறதியால் பெயர் விடுபட்டது” என்று அச்சு மாதிரி எழுதினேன். ஆனால் அதற்குள் அவரை எங்கள் பகுதியில் இருந்து தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். கடிதம் பின்னால் போக வேண்டியிருந்தது. ஐந்து நாள் பிந்திய கடிதத்துக்கு ஐந்து மாதம் போனது.

மற்ற முறைப்பாட்டைக் கொடுக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஒருவர்மேல், அதுவும் என் கோட்டால் உள்ளே போனவர்மேல், இன்னொரு தாளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நான் அன்றைக்கு இரக்கம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. செய்த பிழையின் பாரத்தைக் குறைக்க, செய்ய வேண்டியதையும் செய்யாமல் விட்டேன். அவர் செய்த குற்றம் ஒரு புத்தகத்திலும் பதியப்படவில்லை. செய்யாத ஒன்றுக்கு உள்ளே இருந்தார்.

அந்த ஐந்து மாதமும் மகள் அந்தத் தாயோடு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். பிஸ்கற், சவர்க்காரம், உள்ளுடுப்பு என்று பார்சல் கட்டினாள். மறிக்க எங்களுக்கு என்ன நியாயம் இருந்தது? காதுக்குப் பின்னால் இருந்த விரல் அடையாளம் மறைந்தது மாதிரி, அந்த விஷயமே வீட்டில் மறைந்துவிட்டது. அவளுக்கு அவர் அடித்தவர் இல்லை, அடிபட்டவர். விடுதலையாகி மெலிந்துபோய் வந்து, “அங்கிள், மனசில ஒண்டும் வைக்காதேங்கோ, மனுசருக்கு மறதி வாறதுதானே” என்று என் கையைப் பிடித்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினெட்டு முடிந்த மாதம் மகள் அவரைப் பதிவுத் திருமணம் செய்தாள். சாட்சிக் கையெழுத்து நான் வைத்தேன். வத்தளையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸை வாடகைக்கு எடுத்துப் போனார்கள்.

முதல் வருடம் முடிய முன்னமே அவள் வீங்கிய தாடையோடு ஒரு காலை வந்து நின்றாள். நாங்கள் கதவைத் திறந்தபோது அவள் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. எங்களிடம் வர முந்தி, தனியாக வத்தளையில் பொலிசுக்குப் போய், முறைப்பாடு போட்டு, அதன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டு வந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்த மேசை மாதிரி ஒரு மேசைக்கு என் மகள் போய்ச் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். அதே சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனோம். “இப்ப நீங்கள் அந்தச் சட்டத்துக்குள்ள வாறீங்கள்” என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

நீதவான் முதலில் இடைக்காலக் கட்டளை ஒன்று கொடுத்தார். மருமகன் அவளுக்குக் கிட்ட வரக் கூடாது. பிறகு விசாரணை. கலியாணத்துக்கு முந்தியும் இது நடந்ததா என்பதற்குச் சாட்சி நான் ஒருவன்தான். மனைவி பார்த்தது அடையாளத்தை. சத்தத்தைக் கேட்டவன் நான்.

கூண்டில் ஏறினேன். பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல, எழுதினார்கள். அவருடைய சட்டத்தரணி எழும்பினார்.

“அப்படிக் கேட்டிருந்தால் பொலிசில் ஏன் முறைப்பாடு செய்யவில்லை?”

“போனேன். சொல்லவில்லை.”

“ஆனால் அந்த நாட்களில்தான் இவருடைய பெயரைப் படிவத்தில் இருந்து விட்டீர்கள். அதனால் இவர் ஐந்து மாதம் தடுப்பில் இருந்தார். அது மறதி என்று நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மறதிதானா?”

அவர் இருட்டில் கல் எறிந்து பார்த்தார் என்று பிறகு எங்கள் சட்டத்தரணி சொன்னார். ஓம் என்று சொல்லியிருந்தால் அது அதோடு போயிருக்கும். உண்மையைச் சொன்னால், இவர் மருமகன்மேல் ஆரம்பத்திலிருந்தே பகை வைத்திருந்தவர், இவர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பார்கள் என்பது எனக்கே விளங்கியது. மகளின் கட்டளை என் வாயில் இருந்தது. முன் வரிசையில் அவள் இருந்தாள். மற்றப் பக்கத்தில் அவர். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“மறதி இல்லை” என்றேன். “வேணுமென்றுதான் விட்டேன். அடித்ததைச் சொல்ல வெட்கப்பட்டு அதைச் செய்தேன். அடித்த சத்தமும் உண்மை.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுதாரோ என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நான் செய்ததற்கு அந்த நீதிமன்றத்தில் வழக்கு இல்லை. வேறு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

நீதவான் பன்னிரண்டு மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தார். மகளின் முறைப்பாட்டையும் வைத்திய அறிக்கையையும் வைத்துத்தான் கொடுத்தார். என் சாட்சியத்தைப் பெரிதாக எடுக்கவில்லை என்று சட்டத்தரணி சொன்னார். கெடுக்காமல் விட்டது போதும் என்று நினைத்தேன்.

கட்டளையின் பிரதி எடுக்க நேரமாகும் என்றார்கள். புதுக்கடை நீதிமன்றத்தின் நடையில் ஒரு நீள வாங்கு. மகள் அதன் ஒரு தொங்கல் நுனியில் இருந்தாள். மனைவி தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தாள். நான் நின்றேன்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

“நான் அந்த அஞ்சு மாதமும் பார்சல் கட்டினது, அப்பா மறந்த பிழைக்கு நாங்கள்தான் பாக்கவேணும் எண்டு. அதுக்குப் பிறகு அவரை எப்பிடி விட்டுட்டு வாறது எண்டுதான் கலியாணமும் கட்டினன்.”

இதற்கு ஒன்று சொல்லத் தெரிந்தவனாக நான் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது.

அவள் தாடையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். “அண்டைக்கு நீங்கள் அந்த மேசையில சொல்லியிருந்தா, நான் உங்களோட ஒரு வருசம் கதைச்சிருக்கமாட்டன். பெரிய சண்டை பிடிச்சிருப்பன். அவ்வளவுதானே அப்பா.”

“ஓம்” என்றேன்.

“நீங்கள் வீட்டை போங்கோ. பிரதியை நான் எடுத்துக்கொண்டு வாறன்.”

நான் போகவில்லை. வாங்கின் மற்றத் தொங்கலில் போய் இருந்தேன். நடுவில் மூன்று பேர் இருக்கக்கூடிய இடம் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எழும்பியும் போகவில்லை. எழுதுவினைஞர் அவளுடைய பெயரைக் கூப்பிடும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.